பூஜ்யத்தைப் பங்கு போட முடியுமா?

கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் வகுத்தல் கணக்கு சொல்லித் தருகிறார்.

“மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை?”

“ஒன்று!”

“ஆயிரம் பழத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தால்?”

“அப்போதும் ஒன்றுதான்!”

“சரி. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை ஒன்று” என்றார் ஆசிரியர்.

ஒரு சிறுவன் எழுந்தான். “ஐயா, பழமே இல்லை. வாங்குவதற்கு ஆளும் இல்லை. அப்போதும் ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா?” என்று கேட்டான்.

அந்தச் சிறுவன்தான் ராமானுஜன். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தவர். பின்னாளில் உலகம் போற்றும் கணித மேதை ஆனார். அவருடைய பள்ளி நாட்களைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

கேள்வி குறும்பாகத் தோன்றும். ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. எப்படி?

வகுத்தல் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விடையைத் திருப்பிப் பெருக்க வேண்டும். 6 பழத்தை 2 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 3. திருப்பிப் பெருக்குவோம். 3 × 2 = 6. கணக்கு சரி.

இப்போது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்போம். விடை 1 என்று வைத்துக்கொள்வோம். 1 × 0 = 0. சரியாக வருகிறது. விடை 2 என்றால்? 2 × 0 = 0. அதுவும் சரி. 500 என்றாலும் சரிதான். எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்துகிறது! ஒரு கணக்குக்கு இத்தனை விடை இருந்தால் எதை எழுதுவது? அதனால்தான் இதற்கு விடை கிடையாது என்று கணிதம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

பெரிய அறிஞர்களும் இந்த இடத்தில் தடுமாறியது உண்டு. 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் பூஜ்யத்துக்கு விதிகள் எழுதினார். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அவர் சொன்னவை இன்றும் செல்லும். ஆனால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். அதைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை.

அப்படியானால் ஆசிரியர் சொன்னது தவறா? முழுவதும் தவறு இல்லை. “பூஜ்யம் தவிர” என்ற இரண்டு சொல்தான் விட்டுப்போயிற்று. ஒரு மாணவனின் கேள்வி அதைக் காட்டிவிட்டது.

வகுப்பில் இப்படி ஒருவர் கேட்டால் “உட்கார்” என்று அடக்கிவிடலாம். அவரோடு சேர்ந்து யோசித்தும் பார்க்கலாம். யோசித்தால் எல்லோருக்கும் லாபம்.

உங்களுக்கும் சந்தேகம் வருகிறதா? கூச்சப்படாமல் கேளுங்கள்.