பழைய மோட்டார்ச் சைக்கிளும் அதன் காபுரேற்றரும்



ஓடாத மோட்டார்ச் சைக்கிள் ஒன்று பின்வளவுக் கொட்டிலில் சாய்ந்து கிடக்கும் வீடுகள் எம்மூர்களிற் பல. பழைய இரும்பு வாங்குபவர் படலையடியில் வந்து குரல் கொடுக்கும்போதெல்லாம், அதனைக் கொடுத்துவிடுவதா, வைத்திருப்பதா என்ற கேள்வி அவ்வீடுகளில் எழுகின்றது. என் வீட்டிலும் எழுந்தது. கொடுத்துவிடலாம் என்றான் என் மகன். திறந்து பார்த்தபின் முடிவு செய்வோம் என்றேன் நான். அவ்வாறு திறந்து பார்த்ததனால் அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்களுடையது என் தந்தையார் வைத்திருந்த எம்.டி. 90. யப்பான் நாட்டு அஞ்சற் சேவகர்களுக்கென ஹொண்டா நிறுவனத்தார் செய்த சிவப்பு நிற வண்டி அது. அங்கே பாவித்துக் கழிக்கப்பட்ட பின் இங்கு இறக்குமதியாகி, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் பெரிதும் வழங்கியது. அதன் உருளையின் கொள்ளளவு 90 கன சென்ரிமீற்றருக்குச் சற்றே குறைவு. இத்துணைச் சிறிய இயந்திரத்தின் மூச்சுக்குழல் போல அமைந்ததே காபுரேற்றர்.

காபுரேற்றரின் தொழில் யாது? பெற்றோல் திரவமாக இருக்கும்போது நன்றாக எரியாது. அது வளியுடன் கலந்து நுண்துளிகளாகவும் ஆவியாகவும் மாறுதல் வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி தேவை. வண்டி மெல்லச் சென்றாலும், விரைந்து சென்றாலும், இந்த விகிதம் பெரிதும் பிசகாது காக்கப்படல் வேண்டும். மின்னோ கணினியோ இன்றி இதனைச் செய்து முடிக்கும் கருவியே காபுரேற்றர்.

நுளம்பு மருந்து தெளிக்கும் கைப்பம்பை நேயர்கள் கண்டிருப்பீர்கள். தண்டைத் தள்ளும்போது விரைந்து வெளிவரும் காற்று ஒரு சிறு குழாயின் வாயைக் கடந்து செல்கின்றது. அவ்விடத்தில் அமுக்கம் குறைவதனால் கீழேயுள்ள மருந்து மேலெழுந்து பனிபோற் சிதறுகின்றது. காபுரேற்றரில் நடப்பதும் இதுவே. முசலம் கீழிறங்கும்போது வளி உள்ளே இழுக்கப்படுகின்றது. அது ஒடுங்கிய தொண்டை ஒன்றினூடு செல்ல நேர்வதால் வேகம் கூடி அமுக்கம் குறைகின்றது, பெற்றோல் மேலெழுகின்றது. ஒடுங்கிய வழியில் ஓடும் பாய்மத்தின் இவ்வியல்பை 1797ஆம் ஆண்டில் விளக்கி நூல் வெளியிட்ட வெஞ்சூரி என்னும் இத்தாலிய அறிஞரின் பெயரே இன்றும் அத்தொண்டைக்கு வழங்குகின்றது.

தொண்டைக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதனுள் ஒரு மிதவை. பெற்றோல் உரிய மட்டத்தை அடைந்ததும் மிதவை எழுந்து ஓர் ஊசி வால்வை மூடிவிடும். அக்கிண்ணத்திலிருந்து பெற்றோல் மேலேறும் பித்தளைத் துளைகளுக்கு ஜெற் என்று பெயர். மெல்ல ஓடும்போது சிலோ ஜெற். நடுவேகத்தில் மேலும் கீழும் அசையும் கூம்பிய ஊசி. முழுவேகத்தில் மெயின் ஜெற். நோய் எங்குள்ளது என்பதை இதனைக் கொண்டே ஊகிக்கலாம். முறுக்கினால் ஓடி, விட்டவுடன் நிற்கும் வண்டிக்குச் சிலோ ஜெற்றையும், மெல்ல ஓடி, வேகமெடுக்க மறுக்கும் வண்டிக்கு மெயின் ஜெற்றையும் முதலிற் பார்க்க வேண்டும். பெற்றோல் வெளியே வழியுமாயின் ஊசி வால்விலோ மிதவையிலோ குறை உண்டு.

நெடுங்காலம் நிற்கும் வண்டி அடைபட்டுப் போவது ஏன்? பெற்றோலின் மென்மையான பகுதிகள் ஆவியாகிச் செல்ல, எஞ்சியது வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து பிசின் போலாகி, நாளடைவில் வார்னிசுப் பூச்சுப்போல் இறுகிவிடுகின்றது. முக்கால் மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையொன்றை அடைப்பதற்கு அது போதும்.

இனிச் செய்முறை. தீயைப் பற்றிய எச்சரிக்கையே முதலாவது. பெற்றோல், பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியசிலும் தீப்பற்றும் ஆவியை விடவல்லது. ஆதலால் குசினிக்கு அருகிலோ, விளக்குள்ள அறையிலோ இவ்வேலையைச் செய்தல் ஆகாது. உறுப்புகளை மண்ணெண்ணெயிற் கழுவுவது பெற்றோலிற் கழுவுவதிலும் ஆபத்துக் குறைந்தது. அதுவும் திறந்த வெளியிலேயே நடைபெறல் வேண்டும்.

பெற்றோற் குழாயைப் பூட்டி, காபுரேற்றரைக் கழற்றி, வெள்ளைத் துணியொன்றின் மேல் வைத்துப் பிரியுங்கள். சிறிய திருகாணி எதுவும் உருண்டோடாது. பக்கவாட்டிலுள்ள வளித் திருகாணியைக் கழற்றுமுன், அதனை மெதுவாக இறுதிவரை உட்புறம் திருகி, எத்தனை சுற்று என எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது அவ்வெண்ணே வழிகாட்டி. இறப்பர் வளையங்களை வேறாக்கிய பின்னரே ஏனையவற்றை ஊறவிடல் வேண்டும். ஓரிரவு ஊறியபின் தூரிகையால் துலக்கி, ஒவ்வொரு துளையிலும் காற்றூதி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழுவட்டமாகத் தெரிதல் வேண்டும்.

கம்பி கொண்டு துளையைக் குத்தாதீர்கள். இதனை நான் நூலிற் படித்துச் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது நின்றது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சாதாரண வெப்பநிலையில் அது எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிற் பத்திரப்படுத்திய பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரினுள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். அக்காலத்தில் ஓரிரவு, தொய்வினால் மூச்சுத் திணறிய என் தாயாரைப் பின்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியில் வண்டி நின்றுவிட்டது. கைவிளக்கைத் தாயார் பிடித்திருக்க, வேலியிற் கிடந்த கம்பித்துண்டை முறித்து மெயின் ஜெற்றைக் குத்தினேன். வண்டி எழுந்தது, தாயாரும் பிழைத்தார். ஆனால் அன்றுதொட்டு அது கரும்புகை கக்கியது. பொன்போல் விலைபோன மண்ணெண்ணெயை முன்னிலும் அதிகமாகக் குடித்தது. காரணம் எனக்கு விளங்கவில்லை. தந்தையாரும் என்னைக் கேட்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்து, மகனுடன் அதே ஜெற்றைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியிற் பார்த்தபோது, துளையின் விளிம்பில் என் கம்பியின் கீறல் இருந்தது. பித்தளை மென்மையானது, இரும்பு அதனைத் தின்றுவிடும். துளையின் விட்டம் பத்து வீதம் கூடினால் பரப்பளவு இருபத்தொரு வீதம் கூடும் என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் கணக்கே. அதை வகுப்பறையிற் பல்லாண்டு சொன்னவன், தன் வண்டியின் புகைக்கு அதுவே காரணம் என எண்ணிப் பார்க்கவில்லை. அதே இலக்கமிட்ட புதிய ஜெற் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைத்தது.

காபுரேற்றரைத் துப்புரவாக்கினால் மட்டும் போதாது. தாங்கியினுள் துருவிருப்பின் அது மீண்டும் வந்து அடைக்கும். எனவே தாங்கியையும் கழுவி உலர்த்துதல் வேண்டும். பழைய எண்ணெயை மாற்றி, பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு ஒருநாள் வைத்திருந்து, பின்னர் கையாலோ காலாலோ மெதுவாகச் சுழற்றிப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் உதைத்தல் தகாது. ஓடத்தொடங்கியபின் பிளக்கின் நுனியைப் பாருங்கள். கருமையெனின் எரிபொருள் மிகுதி; வெண்மையெனின் குறைவு; இளங்கபிலமெனின் கலவை சரி. தெருவில் இறக்குமுன் ரயர், பிறேக் இரண்டையும் புதுப்பித்து, காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் பெறுதல் கட்டாயம். பிறேக்குத் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பிறேக்குகளில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் இருக்கக்கூடும்.

புதிய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றிற் காபுரேற்றருக்குப் பதிலாக மின்னாற் கட்டுப்படும் எரிபொருள் விசிறி அமைந்துள்ளது. எனினும் எம் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் இன்னமும் காபுரேற்றரே இருக்கின்றது. பயிர் வாடும் நேரத்தில் அது அடைபட்டால் வீட்டிலேயே திறக்கத் தெரிந்தவன் ஒரு நாளை மிச்சம் பிடிக்கின்றான்.

எங்கள் எம்.டி. 90 ஒன்பதாவது உதையில் எழுந்தது. கரும்புகை இல்லை. தாயார் விறாந்தையிலிருந்து எழுந்து வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். விற்கச் சொன்ன மகன் இப்போது அயலவர் ஒருவரின் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றான். அவனுடைய ஆயுதப் பெட்டியிற் கம்பித்துண்டு எதுவும் இல்லை என்பதை நான் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.