நம் ஊர் டெபாசிட் எந்த ஊரை வளர்க்கிறது?

வளைகுடாவில் இருபது வருடம் உழைத்தவர் ஊருக்கு அனுப்பும் பணம் முதலில் போய்ச் சேர்வது வங்கியில்தான். அங்கிருந்து அது எங்கே போகிறது? வீடு, கல்யாணம் என்று செலவானது போக மீதி, கணக்கில் பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. யாரோ ஒருவருக்குக் கடனாகப் போய்விடுகிறது. அந்த யாரோ நம் ஊர்க்காரரா, வேறு ஊர்க்காரரா என்பதுதான் கேள்வி.

இதை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு பகுதியில் வங்கிகள் திரட்டும் ஒவ்வொரு 100 ரூபாய் டெபாசிட்டுக்கும் அந்தப் பகுதியில் எத்தனை ரூபாய் கடன் கொடுக்கப்பட்டுள்ளது என்பதே கடன்-வைப்பு விகிதம். டெபாசிட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் வைக்க வேண்டும் என்பது சட்டம். மீதியை எங்கே கடனாகக் கொடுப்பது என்பது பெரும்பாலும் வங்கியின் முடிவு.

தமிழ்நாட்டில் இந்த விகிதம் 100-ஐத் தாண்டுகிறது. அதாவது, இங்கே திரட்டியதை விட அதிகமாக இங்கே கடன் கொடுக்கப்படுகிறது. பீகாரில் அது ஏறத்தாழ பாதிதான். ஏழை மாநிலத்தின் சேமிப்பு பணக்கார மாநிலத்தின் தொழிலுக்குப் போகிறது என்று பொருள். வெளிநாட்டுப் பணம் குவியும் கேரளத்தின் பத்தனம்திட்டையிலும் இந்த விகிதம் மிகக் குறைவு. ஆக, பணம் வருவது மட்டும் ஊரை வளர்த்துவிடாது.

கடன் வந்தால் ஊர் வளருமா?

வளர்ந்த ஊருக்குத்தான் வங்கி கடன் கொடுக்கிறது, கடனால் ஊர் வளர்வதில்லை என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் நம் நாட்டு வரலாறு வேறொன்றையும் சொல்கிறது.

1969 ஜூலையில் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாயின. அப்போது நாடு முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. விவசாயத்துக்குக் கிடைத்தது மொத்தக் கடனில் சுமார் 2 சதவிகிதம். 1977-ல் ஒரு விதி வந்தது: ஏற்கெனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும். 1990-ல் விதி கைவிடப்படும்போது மொத்தக் கிளைகள் ஏறத்தாழ 60 ஆயிரத்தைத் தொட்டிருந்தன.

ராபின் பர்ஜஸ், ரோகிணி பாண்டே என்ற பொருளியலாளர்கள் 2005-ல் இதை ஆராய்ந்தார்கள். கிராமங்களில் கிளைகள் பெருகியது வறுமையைக் குறைத்தது, விவசாயம் சாராத தொழில்களை வளர்த்தது என்பது அவர்களின் முடிவு. அதே காலத்தில் கிராமக் கடன்கள் பெருமளவில் திரும்பி வரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லாக் கடனும் வளர்ச்சியல்ல. தறி வாங்கவும், கடையில் சரக்கு நிரப்பவும், படகு கட்டவும் வாங்கும் கடன் வருமானம் தரும். விருந்துக்கும் நகைக்கும் வாங்கியது வருமானத்தைத் தின்னும். 2010-ல் ஆந்திராவில் வெடித்த குறுங்கடன் நெருக்கடி தந்த பாடம் இதுவே.

நம் பங்கு எங்கே?

2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் சில பகுதிகளைக் கடன் கொடுக்கத் தகாத 'எதிர்மறைப் பகுதிகள்' என்று வங்கிகள் ஒதுக்குவதைச் சுட்டியது. மற்றொரு பக்கம், வட்டிக்கு அஞ்சி நம்மில் பலர் கடன் கேட்பதே இல்லை. ஆனால் சேமிப்பை மட்டும் வங்கியில் வைக்கிறோம். இரண்டும் சேர்ந்தால், நம் பணம் வெளியே போகும் பாதை மட்டுமே திறந்திருக்கும்.

வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்று ரகுராம் ராஜன் குழு 2008-ல் பரிந்துரைத்தது. அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி தெரிவித்துவிட்டது. எனவே இப்போது கையில் இருப்பதைக் கொண்டே யோசிக்க வேண்டும்.

முன்னுரிமைத் துறைக்கு 40 சதவிகிதக் கடன் என்பது வங்கிகளுக்குக் கட்டாயம். அதில் நலிந்த பிரிவினருக்கான ஒதுக்கீட்டில் சிறுபான்மையினரும் அடங்குவர். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் ஆலோசனைக் குழு, மாவட்டத்தின் கடன் திட்டத்தையும் கடன்-வைப்பு விகிதத்தையும் பரிசீலிக்கிறது. விகிதம் 40-க்குக் கீழே போனால் தனித் துணைக்குழு அமைக்க வேண்டும் என்பது விதி. நம் மாவட்ட விகிதம் என்ன என்று ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மக்கள் பிரதிநிதிகள் வழியாகக் கேள்வி எழுப்பலாம்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்குக் கூட்டு வியாபாரம் இருக்கிறது. ஒருவர் பணம் போட, மற்றவர் உழைக்க, லாபத்தில் இருவருக்கும் பங்கு. அதிலும் எழுத்தில் ஒப்பந்தமும் ஆண்டுதோறும் தணிக்கையும் வேண்டும். 2019-ல் பெங்களூருவில் 'ஹலால் முதலீடு' என்ற பெயரை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்ததை மறந்துவிடக் கூடாது.

நம் பிள்ளைகள் விமானம் ஏறிப் போய்ச் சம்பாதித்த பணம், அடுத்த தலைமுறை விமானம் ஏறாமல் இருக்கவும் உதவ வேண்டும். அது நம் ஊரிலேயே ஒரு பட்டறையாக, ஒரு கடையாக, பத்துப் பேருக்குச் சம்பளமாக மாறினால்தான் நடக்கும்.