வழி யார் கையில்?

சம்பூரில் பின்னேரத் தேத்தண்ணியோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணன், ஆண்களை விரும்பும் ஆண்களுக்கென்றே பாலியல் படம் எடுக்கிற கம்பனிகள் வெளிநாட்டில் இருக்காம். பொலிஸ் விட்டதா? காசு எங்கிருந்து வந்தது? அது எப்படி ஒரு தொழிலாக நிலைத்தது?"

கூச்சப்பட்டுத் தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி இது. சட்டம், காசு, பயம் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் போகின்றன என்பதை இந்தத் தொழிலின் வரலாற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் கதைகள் குறைவு. ஆகவே ஆறுதலாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் படம் எடுப்பது சின்ன வேலை. எடுத்த படத்தை வேண்டியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்பு எங்கள் பக்கத்துத் தயிர்ச் சட்டிகள் லாஞ்சையும் பாதைப் படகையும் நம்பித்தான் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தன. அப்போது விலையைத் தீர்மானித்தது எருமை வைத்திருந்தவரா, சட்டியை அக்கரை சேர்த்தவரா என்று எண்ணிப் பாருங்கள். வழி யார் கையிலோ, தொழில் அவர் கையில்.

அமெரிக்காவில் அந்த வழி தபாலாக இருந்தது. ஆபாசமானது என்று கருதப்பட்ட எதையும் தபாலில் அனுப்புவதை 1873ஆம் ஆண்டின் கொம்ஸ்டொக் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 1945இல் லொஸ் ஏஞ்சலிஸில் பொப் மைசர் என்பவர் 'அத்லெட்டிக் மொடல் கில்ட்' என்ற படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கினார். 1951இலிருந்து 'பிசிக் பிக்டோரியல்' என்ற சஞ்சிகையையும் வெளியிட்டார். வெளிப்பார்வைக்கு அது உடற்பயிற்சிச் சஞ்சிகை. அரைகுறை உடையில் கட்டுடல் இளைஞர்களின் படங்கள் அதில் வரும். யாருக்காக வருகிறது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பிறகு இரண்டு வழக்குகள் அந்த வழியைத் திறந்தன. தன்பாலீர்ப்புள்ளோருக்கான 'வன்' என்ற சஞ்சிகையை லொஸ் ஏஞ்சலிஸ் தபால் அதிபர் அனுப்ப மறுத்தார். 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சஞ்சிகையின் பக்கம் நின்றது. 1962இல் கட்டுடல் சஞ்சிகைகளைத் தபால்துறை தடுத்த வழக்கிலும் வெளியீட்டாளரே வென்றார். தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றிய அமெரிக்காவின் ஆரம்பகால உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இரண்டு, தபால் உறையைப் பற்றியவை. தனியாக ஒரு சிற்றூரில் இருந்த ஒருவர் தன்னைப் போல இன்னும் பலர் உண்டு என்று அறிவதற்கு அந்த உறை ஒன்றே வழியாக இருந்தது. அதனால்தான் அதற்காக அவ்வளவு தூரம் வழக்காடினார்கள்.

இந்தத் தளத்தின்மேல்தான் 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃபால்கன் ஸ்டூடியோஸ் எழுந்தது. தொடங்கியவர் சக் ஹோம்ஸ். இந்தியானா மாநிலத்துக்காரர். அதற்கு முன் ஆயத்தப் பகுதிகளால் பூட்டும் வீடுகளை விற்றுக்கொண்டிருந்தவர். கலைஞராக அவர் வரவில்லை, விற்கத் தெரிந்தவராக வந்தார். அதே ஆண்டு நியூயோர்க்கில் வேக்ஃபீல்ட் பூல் எடுத்த 'போய்ஸ் இன் த சாண்ட்' என்ற படம் திரையரங்கில் ஓடிப் பேர் வாங்கியது. ஆனால் அப்படிப்பட்ட திரையரங்கு பெருநகரத்தில்தான் இருக்கும், அதற்குள் நுழைவதற்கும் துணிச்சல் வேண்டும். ஹோம்ஸ் வேறு கணக்குப் போட்டார். எட்டு மில்லிமீட்டர் சுருளில் சின்னச் சின்னப் படங்களை எடுத்துத் தபாலில் விற்றார். வீட்டில் ஒரு புரொஜெக்டர் இருந்தால் போதும், ஊருக்குத் தெரியாமல் பார்க்கலாம்.

அந்தக் கம்பனியின் உண்மையான முதல் எது என்று கேட்டால், வாடிக்கையாளர் பட்டியல் என்பேன். பெயர், விலாசம், யார் எதை வாங்கினார் என்ற விபரம். அது வெளியே போனால் ஒருவருடைய வேலை போகும், குடும்பம் போகும். அந்த நாளில் பல மாநிலங்களில் சிறைக்கும் போகலாம். அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்கள் தங்கள் பெயரை எழுதி, காசோலையையும் வைத்து அனுப்பினார்கள். தங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்ற நம்பிக்கையைத்தான் ஹோம்ஸ் படத்தோடு சேர்த்து விற்றார்.

1973இல் சட்டம் மறுபடியும் இறுகியது. 'மில்லர் எதிர் கலிபோர்னியா' வழக்கில், எது ஆபாசம் என்பதை அந்தந்தச் சமூகத்தின் அளவுகோல் கொண்டு பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சான் பிரான்சிஸ்கோவில் யாரும் பொருட்படுத்தாத ஒரு சுருள், தென்மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிரிக்கப்பட்டால் அந்த ஊர் நடுவர் குழுவின் முன் வழக்காகலாம். அனுப்பும் உறை ஒவ்வொன்றும் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் போய் விழும் என்று யோசித்து வியாபாரம் செய்யவேண்டிய காலம் அது.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது தொழில்நுட்பம். 1970களின் இறுதியில் வீடியோ கசெட் வந்தது. 1978இல் ஃபால்கன் வெளியிட்ட 'தி அதர் சைட் ஒஃப் அஸ்பென்' பெரும் விற்பனை கண்டது. ஒரு மூலப் பிரதி இருந்தால் எத்தனை கசெட் வேண்டுமானாலும் பதியலாம். சுருளாக விற்ற படத்தை மறுபடி கசெட்டாக விற்கலாம், பிறகு டிவிடியாகவும் விற்கலாம். செலவு ஒருமுறை, வரவு பலமுறை. பழைய படங்களின் களஞ்சியமே கம்பனியின் வயலானது.

அந்த விளைச்சலில் நடித்தவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை. இந்தத் தொழிலின் வழக்கம், படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. அதே படம் இருபது வருடம் விற்றாலும் அவர்களுக்கு ஒரு சதமும் வராது. முகம் மட்டும் விற்பனையில் இருந்துகொண்டேயிருக்கும்.

பிறகு எயிட்ஸ் வந்தது. முதல் மருத்துவ அறிக்கைகள் 1981இல் வெளியாயின. அஸ்பென் படத்தில் நடித்த கேசி டொனவன் 1987இலும், அல் பார்க்கர் 1992இலும் அந்த நோயால் இறந்தார்கள். நடித்தவர், எடுத்தவர், வாங்கியவர் என்று ஒரு தலைமுறையே கரைந்தது. அந்த இழப்புக்குப் பிறகுதான் ஆணுறை இந்தப் படங்களில் வழமையாகியது. எங்கே வாங்குவது, எப்படிப் பாவிப்பது என்று அரசாங்கம் வாய்திறக்கத் தயங்கிய நாளில், பாதுகாப்பான உறவு எப்படியிருக்கும் என்பதைப் பலர் முதலில் கண்டது இந்தக் கசெட்டுகளில்தான்.

ஹோம்ஸ் உழைத்த காசில் ஒரு பங்கை உரிமை இயக்கங்களுக்கும் அரசியல் பிரசாரங்களுக்கும் கொடுத்தார். காசை விரும்பியவர்களிலும் அவரோடு நின்று புகைப்படம் எடுக்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு, 55ஆவது வயதில், எயிட்ஸ் தொடர்பான நோயால் அவரும் இறந்தார். சான் பிரான்சிஸ்கோவில் 2002இல் திறக்கப்பட்ட பால்புதுமையினர் சமூக நிலையத்தின் கட்டடத்துக்கு, அவர் விட்டுச்சென்ற கொடைக்காக அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பாலியல் படம் விற்றவரின் பெயரைப் பொதுக் கட்டடத்துக்கு வைக்கலாமா என்று அங்கேயும் வாதம் நடந்தது. பயந்து ஒளிந்திருந்த ஆண்கள் அனுப்பிய காசோலைகள், அவர்களுடைய பிள்ளைகள் வயதுடையவர்கள் பகலில் தலைநிமிர்ந்து நுழையும் ஒரு கட்டடமாகியிருக்கின்றன. அந்தப் பெயர் அங்கே இருக்கத் தகுதியானது என்றே நான் நினைக்கிறேன்.

2010இல் ஃபால்கன், அதே நகரத்துப் போட்டிக் கம்பனியான ரேஜிங் ஸ்டாலியனுடன் இணைந்தது. இலவசமாகப் படம் காட்டும் தளங்கள் 2006, 2007 வாக்கில் பெருகத் தொடங்கியதும் டிவிடி வியாபாரம் சரிந்திருந்தது. இன்று தபால் அதிபரின் இடத்தில் கடனட்டை நிறுவனங்களும் வங்கிகளும் இருக்கின்றன. 2021 ஓகஸ்டில் ஒன்லிஃபான்ஸ் தளம் வெளிப்படையான பாலியல் காட்சிகளைத் தடைசெய்வதாக அறிவித்தது. காரணமாகச் சொல்லப்பட்டது வங்கிகளின் நெருக்குதல். சில நாட்களில் அந்த முடிவு கைவிடப்பட்டது. தாங்களே படம் எடுத்து விற்றுப் பிழைத்தவர்களின் சீவியம் அந்தச் சில நாட்கள் அந்தரத்தில் தொங்கியது.

எங்கள் பக்கம் வருவோம். தென்னாசியாவில் இதற்கு நெருங்கிய கதை மும்பையில் இருக்கிறது. ஆனால் அது பாலியல் படக் கம்பனியின் கதை இல்லை. 2001இல் ஸ்ரீதர் ரங்காயனும் சாகர் குப்தாவும் சோலாரிஸ் பிக்சர்ஸைத் தொடங்கினார்கள். 2003இல் அவர்கள் எடுத்த 'குலாபி ஆய்னா' பெண்வேடமிடும் இருவரையும் ஓர் இளைஞனையும் பற்றிய குறும்படம். இந்தியத் தணிக்கை வாரியம் அதற்குச் சான்றிதழ் தர மறுத்தது. சான்றிதழ் இல்லையென்றால் திரையரங்கு இல்லை. ஆகவே படம் உலகத் திரைப்பட விழாக்களைச் சுற்றி வந்தது. பிற்பாடு நெட்ஃபிளிக்ஸ் வழியாகத்தான் தடை செய்த நாட்டின் வீடுகளுக்குள்ளும் அதற்கு வழி கிடைத்தது.

இடையில் அவர்கள் வழியையே தாங்களாகக் கட்டினார்கள். 2010இல் மும்பையில் பால்புதுமையினருக்கான 'காஷிஷ்' திரைப்பட விழா தொடங்கியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சின் அனுமதியோடு, எல்லோரும் போகும் திரையரங்கிலேயே நடந்தது. முந்தைய ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தியிருந்ததால் அது சாத்தியமானது. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி, வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமில்லை என்று அதே நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. ஒரு தாயையும் மகனையும் பற்றிய 'ஈவினிங் ஷேடோஸ்' என்ற அவர்களுடைய படம் பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அது சான்றிதழோடு திரையரங்கில் வெளியானது. கம்பனியும் அதே, ஆட்களும் அதே. இடையில் மாறியது சட்டம்.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் இருக்கிறது. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 365அ பிரிவு, 1995இல் நீக்கப்படுவதற்குப் பதிலாகப் பெண்களையும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. ஆபாச வெளியீடுகளுக்கு 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தனியாக உண்டு. 2023 மே மாதம், இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நாடாளுமன்றம் அதை நிறைவேற்றாமலே கலைந்தது.

தம்பி அடுத்ததாகக் கேட்டது: "அப்ப, சட்டத்தை எடுத்தால் இங்கேயும் அந்தப் படக் கம்பனிகள் வருமா, அண்ணன்?" வராது. இந்தியாவில் 377 போன பிறகும் ஆபாசச் சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பது ஒரு கேள்வி, எந்தப் படத்தை விற்கலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் ஒரு முத்தமும் இல்லாத கதைகூடத் தணிக்கைக்காரருக்கு ஆபாசமாகத் தெரிகிறது.

சட்டம் நிற்பதால் இங்கே படம் பார்ப்பதும் நிற்கவில்லை, ஆளை ஆள் தேடுவதும் நிற்கவில்லை. எல்லாம் கைபேசிக்குள் போயிருக்கிறது. ஆளே குற்றவாளி என்று எழுதிவைத்த நாட்டில், அவருடைய படத்தை வைத்து மிரட்டுபவனுக்குத்தான் அந்தச் சட்டம் கைகொடுக்கிறது. மிரட்டப்பட்டவர் பொலிசுக்குப் போனால் தன்னையே காட்டிக்கொடுத்தவராவார்.

பாலியல் படத் தொழிலைப் பற்றி எனக்குக் கடுமையான கேள்விகள் உண்டு. நடித்தவருக்கு உண்மையான சம்மதம் இருந்ததா, வயது சரிபார்க்கப்பட்டதா, நோயிலிருந்து காக்கப்பட்டாரா, உழைப்புக்குப் பங்கு கிடைத்ததா? ஐம்பது வருட வரலாற்றில் இவற்றுக்கு ஓரளவாவது பதில் கிடைத்தது, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் பேச முடிந்த இடங்களில் மட்டும்தான். 365 ('இயற்கைக்கு முரணான' உறவு), 365அ பிரிவுகள் போகவேண்டும் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான். வாயைத் திறந்தாலே சிறை என்று இருக்கும்வரை, ஏமாற்றப்பட்டவர் எந்தக் கதவையும் தட்டமாட்டார்.