தௌலிப் பாறை சொல்லாமல் விட்டது

மேலே பாருங்கள்: பாறையிலேயே செதுக்கிய யானையின் முன்பாதி. அதன் கீழே பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அசோகரின் கட்டளைகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அவர் போரிட்டு வென்ற கலிங்க மண் இது. அந்தப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதை எண்ணி வருந்தும் 13ஆம் கட்டளை வேறு ஊர்ப் பாறைகளில் உண்டு, இங்கே இல்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் அந்தக் கணக்கைப் படித்துக்காட்ட அவருக்கு மனம் வரவில்லை போலும். பௌத்தத்தைத் தழுவிய அரசர் இங்கே பேசுவது தோசலி நகர அதிகாரிகளிடம்: எல்லா மக்களும் என் பிள்ளைகள், காரணமின்றி எவரையும் சிறையிலிட்டு வதைக்கக் கூடாது. பூச நட்சத்திர நாள்தோறும் இதை வாசிக்க வேண்டும், கேட்பவர் ஒருவரே ஆனாலும். இதே பாறையில் உள்ள 2ஆம் கட்டளை மனிதர்க்கும் விலங்குகளுக்குமான மருத்துவ ஏற்பாடுகளைச் சொல்கிறது. அவை எட்டிய நாடுகளில் சோழ, பாண்டிய நாடுகளும் உண்டு.