லைட்டர் கல்லும் மணவாளக்குறிச்சி மணலும்

பழைய பிரெஞ்சு லைட்டர் கையில் கிடைத்தால், சேகரிப்பவர் அதைக் கவிழ்த்து அடியில் பொறித்திருக்கும் பெயரைத்தான் முதலில் பார்ப்பார். டியோரா, பியர் கார்டினா? ஆடை வடிவமைத்துப் புகழ்பெற்ற கார்டின் தன் பெயரை லைட்டர், நாற்காலி, பீங்கான் என்று நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உரிமமாகக் கொடுத்தவர். எஸ்.டி. டியூபான் நிறுவனமோ, பாட்டியாலா மகாராஜா கேட்ட நூறு கைப்பைகளுக்குள் வைக்கத் தங்க லைட்டர் செய்ததில்தான் 1941-ல் தன் லைட்டர் தொழில் பிறந்தது என்று சொல்கிறது.

பெயருக்குத்தான் விலை, வியப்பெல்லாம் உள்ளே இருக்கும் கல்லில்தான்.

சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டினால், கல் இரும்பைச் சீவிவிடும். சீவல்கள் எரிவதுதான் பொறி. லைட்டரில் நடப்பது நேர்மாறு. எஃகுச் சக்கரம்தான் கல்லைச் சுரண்டுகிறது, எரிவதும் கல்தான். ஏனென்றால் அது கல்லே இல்லை, உலோகம். சீரியமும் அதன் உறவு உலோகங்களும் ஏறக்குறைய முக்கால் பங்கு, மீதி பெரும்பாலும் இரும்பு. இரும்பு சேர்வதால் கலவை கடினமாகி, சுரண்டும்போது தூளாக உதிர்கிறது. தூளான சீரியம் காற்றில் தீப்பற்ற 200 டிகிரி செல்சியஸ்கூடத் தேவையில்லை; கட்டைவிரல் உருட்டும் உராய்வே போதும்.

1903-ல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக். நம் திருவிழாக்களில் வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் அவர் கண்டுபிடிப்பிலிருந்து வந்ததே. மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தை மோனசைட் மணலிலிருந்து பிரித்தபின் சீரியம் கலந்த கழிவு குவிந்து கிடந்தது. அந்தக் கழிவுதான் லைட்டர் கல் ஆயிற்று.

அந்த மணல் நம் கரையிலும் இருந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் மோனசைட்டை அடையாளம் கண்டவர் ஜெர்மானியரான ஷோம்பர்க். அவர் தேடி வந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. இன்றும் அங்கே அரசு நிறுவனம் கனிம மணலைப் பிரிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தைக்குப் பெருமளவு மோனசைட் இங்கிருந்துதான் போயிற்று. அக்காலத்து ஐரோப்பிய லைட்டர்கள் பலவற்றில் நம் மணலின் சீரியம் பொறியாகப் பறந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. தங்க முலாமைவிட இது எனக்குப் பெரிய சங்கதி.

இனி காரைக்கால் பக்கத்து எங்கள் மண்டபத்தூருக்கு வருவோம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இந்தப் பகுதியிலிருந்து சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் உண்டு. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. பரணில் ஒரு பழைய லைட்டர் கிடந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் உப்புக்காற்று வீசும் இந்தக் கரையில் அதைக் காப்பது எளிதல்ல. ஈரம் பட்ட கல் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, உப்பி, குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். பழைய லைட்டர்கள் பாழாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டியூபான் லைட்டர்கள் சிலவற்றின் மேலே பூசிய சீன அரக்குக்கோ ஈரம்தான் உயிர். அது காய்ந்து இறுகுவதில்லை. அரக்காகும் மரப்பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, ஈரக்காற்றில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு மூலக்கூறுகளைப் பின்னிப் பின்னி இறுக்குகிறது. மேற்பூச்சை உருவாக்கிய ஈரமே உள்ளே இருக்கும் கல்லைத் தின்கிறது.

உங்கள் வீட்டில் அப்படியொரு லைட்டர் இருந்தால், பாலிஷ் போடும் முன் அடித்திருகைக் கழற்றிக் கல்லை வெளியே எடுத்துவிடுங்கள். கேஸ் லைட்டரானால் கேஸைத் திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால், காலி செய்து வையுங்கள். கல் இறுகியிருந்தால் தட்டாதீர்கள். மெல்லிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள்.