காப்பவர் மனத்துக்கும் ஒரு காவல்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, கூட்டேரிப்பட்டு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அகாலத்தில் விபத்து நேருமாயின், காயமுற்றோரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு சேர்ப்பவர்கள், 2008-ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கப்பெற்ற 108 ஆம்புலன்ஸ் சேவையின் ஊழியர்களே. பிறர் பிராணனைக் காக்கும் அவர்கள், ரத்தத்தையும் ஓலத்தையும் நித்தம் கண்டும், துக்கத்தை ஆற்றிக்கொள்ள அவகாசமின்றி அடுத்த அழைப்புக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நித்திரை கெடுதலும், காரணமற்ற கோபமும், கண்ட காட்சியே கண்முன் மீண்டும் எழுதலும் இத்தகைய பாரம் சுமந்த மனத்துக்கு இயல்பே. இவை வாரக்கணக்கில் நீங்காவிடில் சிகிச்சை அவசியம். கோர விபத்துக்குப் பின் சிறிது ஓய்வும், சக ஊழியரின் பரிவான விசாரிப்பும், ரகசியம் காக்கும் ஆலோசனையும் கிட்டச் செய்வது நிர்வாகத்தின் தர்மம். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எவரும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.