பூட்டைப் பார்க்காமல் எழுதிய பத்தி

திண்டுக்கல் பூட்டைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டால், ஏறக்குறைய இப்படி வரும்:

“திண்டுக்கல் பூட்டு என்பது வெறும் ஒரு பொருள் மட்டுமல்ல, அது பல தலைமுறைகளின் உழைப்பு, நம்பிக்கை மற்றும் கைவினைத்திறனைப் பிரதிபலிக்கும் ஒரு அடையாளமாகும். இன்றைய நவீன உலகிலும் இது உள்ளூர்ப் பொருளாதாரத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இந்தப் பாரம்பரியத்தைப் பாதுகாப்பது நம் அனைவரின் கடமையாகும்.”

இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. சந்தி சரியாக விழுந்திருக்கிறது. படிக்கும்போது எங்கும் இடறவில்லை. இப்போது ‘திண்டுக்கல் பூட்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘பத்தமடைப் பாய்’ என்று போட்டுப் பாருங்கள். ‘தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை’ என்று போட்டுப் பாருங்கள். வேறு எதையும் மாற்றத் தேவையில்லை. பத்தி அப்படியே பொருந்தி நிற்கும். எழுதியவருக்குப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன் பின் வார இதழிலும் பதிப்பகத்திலும் விளம்பர நிறுவனத்திலும் படி திருத்துகிறவர்களின் மேசைக்கு இப்படிப்பட்ட பத்திகள் வரத் தொடங்கின. “இதைக் கொஞ்சம் மனிதர் எழுதினதுபோல ஆக்கிக் கொடுங்கள்” என்பதே இன்று தனி வேலை. அதை எப்படிச் செய்வது, எந்த அளவுக்குச் செய்வது நியாயம் என்று தமிழில் நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

திருத்த உட்கார்ந்ததும் கை முதலில் போவது சொற்களிடம். ‘ஆகும்’ எல்லாவற்றையும் அடிக்கலாம். ‘மட்டுமல்ல’வை எடுக்கலாம். ‘ஒரு’வை நீக்கலாம். அப்படிச் செய்தால் கிடைப்பது: “திண்டுக்கல் பூட்டு பல தலைமுறைக் கைவினையின் அடையாளம். உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு அது முக்கியம்.” சுருங்கியிருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது. ஆனாலும் பாயையும் பொம்மையையும் இதே இடத்தில் இன்னும் வைக்க முடிகிறது. இங்கே திருத்துகிறவர் எழுந்து போய்ப் பூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வேண்டும். வந்த பிறகு எழுதினால் இப்படி இருக்கலாம்:

“2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் மாங்காய்ப் பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் மறக்காது. ஆனால் அலிகாரிலிருந்து வருகிற பூட்டு இயந்திரத்தில் அடித்தது, விலை குறைவு. லீவர்களை அரத்தால் ராவி ராவிப் பொருத்துகிற வேலைக்கு வர இளைஞர்களுக்கு மனமில்லை.”

முதல் வடிவத்திலிருந்து இங்கே தப்பி வந்தவை ‘திண்டுக்கல் பூட்டு’ என்ற இரண்டு சொற்கள் மட்டும். புகழ்கிற சொல் எதுவும் இல்லை. கடமையைப் பற்றிய அறிவுரை இல்லை. புதிதாக ஓர் ‘ஆனால்’ வந்திருக்கிறது. எனக்கு அந்த ‘ஆனால்’தான் முக்கியம். குறியீடு கிடைத்தும் தொழில் தேய்கிறது என்று சொல்ல ஒருவர் ஒரு பக்கம் சாய வேண்டும். செயலி தானாக அப்படிச் சாய்வது அரிது.

ஏன் சாய்வதில்லை என்பதற்கு அது செய்யப்பட்ட விதத்தில் விடை இருக்கிறது. மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்தைப் படித்துவிட்டு, அடுத்து எந்தச் சொல்துண்டு வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகிற ஏற்பாடு. அந்தப் பயிற்சிக்குப் பிறகு, மனிதர்களை உட்காரவைத்து இரண்டு விடைகளில் எது மேல் என்று கேட்டு, அவர்கள் விரும்பிய பக்கம் அதைத் திருப்புகிறார்கள். யாரையும் உறுத்தாத, எல்லாவற்றையும் தொட்டுவிட்டதுபோலத் தோன்றுகிற, பணிவாக முடிகிற நடை அந்தப் போட்டியில் எளிதாக வெல்லும்.

தமிழுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. இணையத்தில் கிடைக்கும் எழுத்தில் ஆங்கிலம் ஏறக்குறையப் பாதி. தமிழ் மிகச் சிறு துளி. சொல்லைத் துண்டாக வெட்டும் முறைகூட ஆங்கிலத்துக்கு வசதியாக அமைந்தது. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது ஒரு தமிழ் எடுத்துக்காட்டைக் காட்டியது: முந்தைய முறையில் 116 துண்டான வரிகள் புதிய முறையில் 35 துண்டில் அடங்கின. செலவு குறைந்தது, வேகம் கூடியது. வாக்கியம் மட்டும் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் முதுகெலும்போடுதான் வருகிறது.

பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போடவும் என்னால் முடியாது. ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’ என்பதை அது தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆங்கிலச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கிய நம் நாளிதழ் மேசைகளும், சுற்றறிக்கைகளும், விளம்பரங்களும் பல பத்தாண்டுகளாக இறைத்துவைத்த நடை அது. ஆகவே திருத்தும் தேவையும் பழையது. 1974-ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளருக்கு எதிரே உட்கார்ந்து வரிவரியாகக் கேள்வி கேட்கிற பதிப்பாசிரியர் வேலையைத் தமிழில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். அவர் கொண்டுவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யின் முதல் பதிப்பு 1992-லும், விரிவான பதிப்பு 2008-லும், மூன்றாவது அவர் மறைந்த 2020-லும் வந்தன. இன்றைய தமிழர் ஒரு சொல்லை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அது எடுத்துக்காட்டோடு சொல்கிறது. செயலியின் தமிழைத் திருத்துகிறவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய புத்தகம் அது.

வாக்கியத்துக்குள் இறங்கினால் வேலை நுணுக்கமாகிறது. ‘அரிசி மற்றும் பருப்பு’ என்று வருவதை ‘அரிசியும் பருப்பும்’ என்று மாற்றுவது எளிது, பார்த்தாலே தெரியும். எழுவாயைக் கவனிப்பது சற்றுக் கடினம். ‘அவர் வந்தார். அவர் அமர்ந்தார். அவர் தேநீர் கேட்டார்’ என்று செயலி ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிடும். தமிழில் ஒரு முறை சொன்னால் வினைமுற்றின் விகுதியே ஆளைச் சுமந்துகொண்டு போகும்: ‘வந்து உட்கார்ந்து டீ கேட்டார்.’ அதைவிடக் கடினம் உணர்ச்சி. ‘நான் பசியாக உணர்கிறேன்’, ‘நான் கோபமாக உணர்ந்தேன்’ என்று அது எழுதுகிறது. தமிழில் பசியும் கோபமும் தூக்கமும் நமக்கு வருகிறவை: எனக்குப் பசிக்கிறது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த நான்காம் வேற்றுமை தொலைந்தால் பேசுகிற ஆளே அயலாராகிவிடுகிறார்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பத்தியின் தாளம் காட்டிக்கொடுக்கும். வாக்கியங்கள் ஒரே நீளம். மூன்று மூன்றாக அடுக்கிய சொற்கள். ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ஒரு பொன்மொழி. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி வாய்விட்டுப் படிப்பது. மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே வாக்கியத்தை நிறுத்த வேண்டும்; பேச்சு எங்கே ஓடுகிறதோ அங்கே எச்சங்களைக் கோத்து ஓடவிட வேண்டும். விஷயம் கனமான இடத்தில் ஒரு பக்கம் நிற்கலாம், மற்றதை ஒரு வரியில் தாண்டலாம். செயலி எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு போடுகிறது. திருத்துபவர் அந்தச் சமத்தைக் கலைக்க வேண்டும்.

கதை என்றால் நிலைமை இன்னும் மோசம். கோவில்பட்டியில் ஒரு தாய் வேலையிலிருந்து திரும்பிய மகனிடம், “மகனே, நீ சாப்பிட்டாயா? நான் உன்னைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறேன்” என்று கேட்பாள். பேச்சு வழக்கில் எழுது என்று சொன்னால், சென்னையின் ‘இன்னா’வும் கோவையின் ‘ஏனுங்க’வும் நெல்லையின் ‘ஏலே’யும் ஒரே வாயில் வந்துவிடும். அந்த வீட்டில் கேட்கக்கூடியது “சாப்பிட்டியாடா? மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கெடக்கு?” என்பதுபோல ஒன்று. கவலை என்ற சொல் அதில் இல்லை, கவலை இருக்கிறது. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரை அந்தப் பக்கம் ‘அண்ணாச்சி’ என்பார்கள். செயலி ‘ஐயா’ என்கிறது. உரையாடலை ஒட்டுப்போட்டுத் திருத்த முடியாது என்பது என் முடிவு. அந்த ஊர்க் காது உள்ள ஒருவர் முதலிலிருந்து எழுத வேண்டும்.

நடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெரிய ஆபத்து கண்ணில் படாது. அமெரிக்காவின் சிநெட் இணைய இதழ் இயந்திரம் எழுதிய பொருளாதார விளக்கக் கட்டுரைகளை வெளியிட்டது 2023 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட நேர்ந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதலாண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்று ஒன்றில் இருந்தது; ஈட்டுவது 300 டாலர்தான். அவற்றை ஆசிரியர்கள் பார்த்துத்தான் வெளியிட்டார்கள். வழுக்கிக்கொண்டு ஓடும் நடை திருத்துகிறவரின் கண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தடுமாறி எழுதும் புதுநிருபரின் படியில் நாம் ஒவ்வொரு எண்ணிலும் நிற்போம். இங்கே நிற்கத் தோன்றாது. அதனால் செயலி தந்த படியில் முதலில் பெயர், ஆண்டு, தொகை, ஊர் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகுதான் நடையைத் தொட வேண்டும்.

இன்னொரு பக்கம், இயந்திர வாடை உள்ள சொற்களை வேட்டையாடுகிற பழக்கம் பரவுகிறது. 2010 முதல் 2024 வரை வெளிவந்த 1.5 கோடிக்கு மேற்பட்ட மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களை அலசிய ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. சில ஆங்கிலச் சொற்கள் திடீரென்று பெருகியதை வைத்து, 2024-ல் வந்தவற்றில் குறைந்தது 13.5 சதவீதத்தில் இயந்திரத்தின் கை இருக்கிறது என்று அது மதிப்பிட்டது. மொத்த எழுத்தை எடைபோட அது நல்ல வழி. ஒரு தனி மனிதரைக் குற்றம் சாட்ட அது உதவாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. ஓப்பன்ஏஐ தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. எளிய சொற்களில் அடக்கமாக எழுதும் நம் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட கருவிகளால் நேரக்கூடிய அநீதியை நினைத்தால் எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

இதன் மறுபக்கமாக, கருவியை ஏமாற்றவே படியைக் குலைத்துத் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. சொல்லை மாற்றும், வாக்கியத்தை முறிக்கும், வேண்டுமென்றே பிழையும் போடும். அது மாறுவேடம்; அதைத் திருத்தம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசகருக்குக் கூடுதலாக ஒரு செய்திகூட அதிலிருந்து கிடைப்பதில்லை. செயலியின் உதவி இருந்தால் இதழ் அதைச் சொல்லிவிடலாம். பொறுப்பேற்கும் ஆளின் பெயரையும் கட்டுரைக்குக் கீழே போடலாம்.

மிச்சமிருப்பது கூலி. மொழிபெயர்ப்புத் துறையில் இந்த வேலைக்கு 2017 முதல் ஒரு பன்னாட்டுத் தரநிலை உண்டு, ஐஎஸ்ஓ 18587. இயந்திர மொழிபெயர்ப்பை முழுமையாகத் திருத்துபவருக்கு மொழிபெயர்ப்பாளருக்குரிய திறன் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. சந்தையில் பேரம் வேறு மாதிரி போகிறது. “எழுதித்தானே இருக்கிறது, ஒரு பார்வை பாருங்கள்” என்று சொல்லி, சொல்லுக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்புக்குத் தருவதில் ஒரு பங்கை மட்டும் தருகிறார்கள். தகவலைச் சரிபார்த்து, ஆளைத் தேடிப் பேசி, வாய்விட்டுப் படித்து, பாதியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. இதழ்களும் பதிப்பகங்களும் இந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஊதியம் பேச வேண்டும். “இதைத் திருத்த முடியாது, விஷயம் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள்” என்று படியைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் திருத்துபவருக்குத் தர வேண்டும்.